ஆஃபர் லெட்டருக்குப் பல்லுப் பாக்கோணும்

வா அப்புனு, இப்படித் திண்ணையில உக்காரு. ஸ்வீட் டப்பாவோட வர்றதப் பாத்தாலே தெரியுது, சரவணம்பட்டிக் கம்பெனியில இருந்து லெட்டர் வந்துருச்சுன்னு. உங்கம்மா பால் சொசைட்டியில ஆரம்பிச்சு ரேசன் கடை வரைக்கும் சொல்லி முடிச்சுட்டா. வருசத்துக்கு 6 லட்சமாமா? நல்லது, நெம்ப நல்லது. உடனே கையெழுத்தைப் போட்டு அனுப்பீரு. ஒண்ணும் கேக்காத. கேட்டா அந்த எச்ஆர் புள்ளை மனசு சங்கடப்படும். சோறு போடறவங்களைப் போய்க் கேள்வி கேக்கறது மருவாதியா?

அப்படித்தான உன்ற கூட்டாளிக சொல்லி அனுப்பியிருப்பானுக. படிச்ச பசங்க, சரியாத்தான் சொல்லுவானுக. நான் அஞ்சாவதோட பள்ளிக்கொடத்துக்குக் கும்புடு போட்டவன். காலமெல்லாம் மாட்டுத் தரகு. கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தை, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, வியாழக்கெழமையானா கருங்கல்பாளையம். காங்கேயங் காளைக்கு வாயைப் பொளந்து பல்லுப் பாக்கத் தெரியும். ஆஃபர் லெட்டருக்கு வாய் எந்தப் பக்கம் இருக்குதுன்னு எனக்கெங்க தெரியும்? பொழுது போகாத கெழவன் பேசறான்னு நெனச்சுக் கேட்டுக்க.

சந்தையில மொதக் கேள்வி வெலை இல்லை அப்புனு. "இத ஏனுங்க விக்கறீங்க?" அதான் மொதக் கேள்வி. தீவனம் இல்லீங்கம்பான், புள்ளைக்குக் கல்யாணமுங்கம்பான். அவன் என்ன சொல்றாங்கறத விட, சொல்றப்ப எங்க பாக்கறாங்கறதத்தான் நாங்க பாப்போம். உனக்கும் இண்டர்வியூ முடியறப்ப, "எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கோணுமா"ன்னு கேட்டிருப்பாங்களே. நீ என்ன சொன்ன? "ஒண்ணுமில்ல சார்"னு பல்லைக் காட்டிட்டு வந்திருப்ப. அவங்க உன்ற பல்லைப் பாத்துட்டாங்க, நீ பாக்கல. போகட்டும், இன்னொரு தடவை போன்ல கூப்புடுவாங்க. அப்ப மெதுவாக் கேளு: "இந்த எடத்துல எனக்கு முன்னால யாருங்க இருந்தாங்க, இப்ப எங்க இருக்கறாங்க?" புதுசா உண்டாக்குன வேலைன்னா சரி. மேல் பதவிக்குப் போயிட்டாருன்னா ரொம்பச் சரி. "சொந்தக் காரணத்துக்காகப் போயிட்டாரு"ன்னு சொன்னாங்கன்னா, அந்தச் சொந்தக் காரணத்துக்குப் பேரு பெரும்பாலும் டீம் லீடர்.

போனவங்களையும் தேடிப் புடிக்கலாமாமா, உன்ற தங்கச்சி லிங்க்ட்இன்ல காட்டினா. அதே கம்பெனி, அதே டீம். ஒருத்தன் ஏழு மாசம், ஒருத்தி அஞ்சு மாசம், இன்னொருத்தன் பயிற்சி முடியறதுக்குள்ளயே கெளம்பீட்டான். அவங்கள்ல ரண்டு பேருக்கு மரியாதையா ஒரு சேதி போடு. இப்ப உள்ள இருக்கறவன் உண்மையச் சொல்ல மாட்டான். அவனுக்கு மாசக் கடைசியில சம்பளம் வரோணும். வெளிய வந்தவன் சொல்றதுலயும் பாதியக் கழிச்சுக்க, கோவம் இருக்கும். ரண்டு பேரு கோவமும் ஒரே ஆளு மேல இருந்துச்சுன்னா கழிக்காத. இணையத்துல நட்சத்திரம் போட்டுப் புகழ்றாங்களே, அதுல தேதியப் பாரு. ஒரே வாரத்துல ஊரே தெரண்டு அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தா, அந்த வாரம் எச்ஆர் அம்மணி எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்திருக்கும்.

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம்"னு சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லாத கம்பெனி ஏது. நம்ம குடும்பத்தைத்தான் நீ பாத்திருக்கறயே. உங்க பெரியப்பனும் சித்தப்பனும் ஒரு கெணத்துக்காகப் பேசாம இருக்கறது எத்தனை காலமா நடக்குது? குடும்பம்னு யாராச்சும் சொன்னா, "அப்பப் பாகத்துல எனக்கு எத்தனை ஏக்கருங்க"ன்னு கேட்டுப் பாரு. உடனே "இல்லீங்க, நாங்க தொழில்முறை நிறுவனம்"பாங்க.

ஆபீசைச் சுத்திக் காட்டினாங்களாமே. மணி போட்டுத் தெச்ச மூட்டை நாற்காலி, செவுத்துல இங்கிலீசுல வீராவேசம், ஒரு மூலையில டேபிள் டென்னிஸ் மேசை. போட்டோ காட்டினயே, நான் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன். மேசை மேல வலை தொங்குது, ஒரு ஓரத்துல கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பொட்டி நாலு அடுக்கியிருக்குது, மட்டையில ரப்பர் புதுசாவே இருக்குது. ஆராச்சும் வெளையாடற மேசையில பொட்டி அடுக்குவாங்களா? சந்தைக்கு வர்ற காளைக்குக் கொம்பு சீவி வெளக்கெண்ணெய் தடவிப் பளபளன்னு கொண்டாருவோம். வழியிலயே உப்பும் தவுடும் கலந்து தண்ணி காட்டி வயித்த ரொப்பீருவோம். "வோம்"னு சொல்றேன் பாரு, நானும் பண்ணினவன்தான். அதனாலதான் கொம்பை நான் பாக்கறதே இல்லை. நடக்க வுட்டு, கொளம்பு தரையில எப்படிப் படுதுன்னு பாப்பேன்.

கம்பெனி நடக்கறதப் பாக்கோணும்னா கேட்டுக்கு வெளிய நில்லு. ஆபீசுக்கு எதுத்தாப்ல டீக்கடை இருக்குமல்ல? சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் ஒரு டீ சொல்லு, எட்டரைக்கு இன்னொண்ணு சொல்லு. ஆறு மணிக்கு நிறுத்தியிருந்த பைக்கெல்லாம் எட்டரைக்கும் அங்கயே நிக்குதான்னு பாரு. ஒரு நாள்னா ஏதோ அவசரம்னு வுட்டுரலாம். திங்களும் அப்படி, வியாழனும் அப்படின்னா, லெட்டர்ல போட்டிருக்கற ஒம்பது மணி நேரம் கதை. வெளிய வர்றவங்க மொகத்தைப் பாரு. சிரிச்சுப் பேசிட்டு வர்றாங்களா, இல்ல போனைப் பாத்துட்டே வந்து டீயைக்கூடத் திரும்பிப் பாக்காமக் குடிக்கறாங்களா?

அப்புறம் டீக்கடைக்காரர்கிட்ட ஒரு கணக்கு நோட்டு இருக்கும், நீள வாக்குல, மூலை சுருண்டுபோய். கடன் நோட்டு. அதுல அந்தக் கம்பெனிக்காரங்க பக்கம் எப்படின்னு பேச்சோட பேச்சாக் கேளு. "ஒண்ணாந் தேதியானாக் கணக்கு நேராயிருமுங்க"ன்னா கவலையே இல்லை. "பதினைஞ்சு ஆயிருதுங்க, போன மாசம் இருவதுங்க"ன்னு இழுத்தார்னா வந்த வழியே திரும்பீரு. சம்பளம் மாசம் முடிஞ்சு 7 நாளைக்குள்ள குடுக்கோணும்னு 1936லயே சட்டம் போட்டுட்டாங்க. பெரிய எடமா இருந்தா 10 நாள்னு கொஞ்சம் கயித்தை நீட்டி வுட்டிருந்தாங்க. அதுக்குப் பதிலா இப்ப வந்திருக்கற புதுச் சட்டத்துலயும் மாசச் சம்பளத்துக்கு அதே 7 நாள்தான். ஆடிட்டருக்குத் தெரியறதுக்கு மாசக்கணக்கு முன்னாலயே டீக்கடை நோட்டுக்குத் தெரிஞ்சுரும், கம்பெனிக்கு மூச்சு வாங்குதுன்னு.

நோட்டு மேல நம்பிக்கை இல்லீன்னா சர்க்கார் நோட்டே இருக்குது. பிஎஃப் ஆபீஸ் வெப்சைட்ல கம்பெனி பேரைப் போட்டா, எந்த மாசம் எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம், எந்தத் தேதியில கட்டினாங்கன்னு வருது. காசு கேக்கறதில்லை. போன வருசம் இருந்த தலைக்கட்டு இப்பப் பாதியாயிருந்தா, "நாங்க வேகமா வளந்துட்டிருக்கறோம்"னு சொன்ன அந்த மேனேஜர் எந்தப் பக்கமா வளர்றார்னு உனக்கே புரிஞ்சுரும். கம்பெனி விவகார அமைச்சகத்து வெப்சைட்ல இன்னொண்ணு பாக்கலாம்: எப்பப் பதிஞ்சது, கடைசியா எந்த வருசத்துக் கணக்கைத் தாக்கல் பண்ணினாங்க. இருவது வருச அனுபவம்னு செவுத்துல எழுதியிருக்கும், பதிவு பாத்தா கொரோனாவுக்குப் பொறகு இருக்கும்.

இப்ப அந்த 6 லட்சத்துக்கு வருவோம். மாட்டுக்கு வெலை பேசறப்பத் துண்டைப் போட்டு மூடி, உள்ள வெரலைப் புடிச்சுப் பேசுவோம். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. ஆனா வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் தெரியும். சிடிசி, கம்பெனிக்கு உன்னால ஆகற மொத்தச் செலவுன்னு நீங்க சொல்றீங்களே, அது வாங்கறவனுக்கே தெரியாம மூடற துண்டு. பென்சில் எடு. 6 லட்சத்தை 12ஆ வகுத்தா மாசம் 50,000. உங்கம்மா இந்தக் கணக்குலதான் பைக் டியூ பேசி வெச்சிருக்கறா. அதுல 10 சதவீதம் "வேரியபிள்"னு போட்டிருக்குது பாரு. கம்பெனி நல்லா ஓடினா, நீயும் நல்லா ஓடினா, மேனேஜருக்கு மனசும் நல்லா இருந்தா வருசக் கடைசியில வரும். 5,000 போச்சு. கம்பெனி கட்டற பிஎஃப் 1,800, அதையும் உன்ற சம்பளத்துக்குள்ளயே சேத்து எழுதியிருக்கறாங்க. பேசிக் 25,000க்கு கிராஜுவிட்டின்னு மாசம் 1,200 ரூவாச் சொச்சம். அது அஞ்சு வருசம் நீ அங்கயே இருந்தாத்தான் கைக்கு வரும், அதுக்கு முன்னால போனா அது வெறும் எழுத்து. உன்ற பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. கூட்டிக் கழிச்சா 40,000த்துக்குக் கொஞ்சம் மேல நிக்குது. இன்சூரன்ஸ், கேப் காசு, சாப்பாட்டுக் கூப்பன்னு இன்னும் ரண்டு மூணு வரி இருக்குது, அத நான் படிக்கல, கண்ணு வலிக்குது. அதையுங் கழிச்சா நாப்பதுக்கும் கீழதான்.

நான் கொறை சொல்லல. நாப்பதாயிரமும் நல்ல காசுதான். நாப்பதைக் காட்டி நாப்பதுன்னு சொல்லியிருக்கலாம். கையில மாசாமாசம் எவ்வளவு வரும்னு ஒரு மெயில்ல எழுதி வாங்கு. 2025 நவம்பர் 21ல இருந்து பழைய தொழிலாளர் சட்டம் 29ஐ 4 தொகுப்பாச் சுருட்டி நடைமுறைக்குக் கொண்டாந்துட்டாங்க. அதுல, படி, அலவன்ஸ்னு பிரிச்சுக் காட்டறது மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினதையும் சம்பளமாத்தான் சேத்துக் கணக்குப் பண்ணோணும். நியமனக் கடுதாசியும் எல்லாத்துக்கும் குடுத்தாகோணும். வருசக்கணக்கு ஒப்பந்தத்துல எடுக்கற ஆளுக்கு ஒரு வருசத்துலயே கிராஜுவிட்டி உண்டு. உன்ற லெட்டர்ல "நிரந்தரம்"னு இருக்குதா, "ஒப்பந்தம்"னு இருக்குதான்னு பாத்தயா? பாக்கல. ஸ்வீட் வாங்கப் போயிட்ட.

ஏழாம் பக்கத்துல பாண்டு ஒண்ணு இருக்குது. ரண்டு வருசத்துக்குள்ள போனா ஒன்றரை லட்சம் கட்டோணும். "அதெல்லாம் கோர்ட்டுல நிக்காது"ன்னு உன்ற கூட்டாளி சொன்னானா? அவன் சொல்லீட்டா நீதிபதி எந்திரிச்சு நிக்கோணும். விஜயா வங்கி வழக்குல, 3 வருசம் முடியறதுக்கு முன்னால வேலையை வுட்டா 2 லட்சம் கட்டோணும்கற ஷரத்து செல்லும்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொல்லீருச்சு. அதுக்காகக் கம்பெனிக்காரன் எழுதற எல்லாமே செல்லும்னும் அர்த்தமில்ல. பயிற்சிக்கு உண்மையில செலவு பண்ணினாங்களா, தொகை நியாயமான்னு பாப்பாங்க. கோர்ட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு கையெழுத்துப் போடறவன் வக்கீலுக்கு நல்லது பண்றான். அசல் சர்டிபிகேட்டைக் கேட்டாங்கன்னா மட்டும் யோசிக்கவே யோசிக்காத. காட்டு, நகல் குடு, அசலைப் பையில வெச்சுட்டு வந்துரு. மூக்கணாங்கயித்த அவங்ககிட்டக் குடுத்துட்டு அப்புறம் எந்தப் பக்கம் திரும்பறது? நீ போகோணும்னா 90 நாள் முன்னால சொல்லோணும், அவங்க அனுப்போணும்னா 30 நாள் போதும்னு எழுதியிருக்கறதையும் கோடு போட்டு வெய்யி. ரண்டு பக்கமும் ஒண்ணா இருக்கட்டும்னு கேக்கறது தப்பில்லை.

வேலை நேரத்தைப் பத்திக் கேட்டா "வேலையும் வாழ்க்கையும் சமமா இருக்கும்"னு மனப்பாடமாச் சொல்லுவாங்க. அதக் கேக்காத. "நேத்து நீங்க எத்தனை மணிக்கு ஊட்டுக்குப் போனீங்க?" இதைக் கேளு, இண்டர்வியூ பண்ணினவர்கிட்டயே. நேத்தைக்கு எவனும் பதில் தயார் பண்ணி வெச்சிருக்க மாட்டான். பெரியவங்க சொல்றதெல்லாம் பாத்தா பயமாத்தான் இருக்குது. 2023ல இன்போசிஸ் நாராயணமூர்த்தி இளவட்டங்க வாரம் 70 மணி நேரம் ஒழைக்கோணும்னாரு. எல் அண்டு டி தலைவர் சுப்பிரமணியன் 90க்குக் கொண்டு போயிட்டாரு, ஞாயித்துக்கெழமை ஊட்டுல இருந்து எத்தனை நேரம்தான் பொண்டாட்டி மொகத்தையே பாத்துட்டிருப்பீங்கன்னாரு. 2025 சனவரியில டிவியில அதப் பாத்துட்டு உங்கப்பத்தா கேட்டா: "ஏனுங்க, அந்தம்மாவுக்கு அந்த மொகத்தைப் பாக்கறதுக்கு எத்தனை நேரம் புடிக்குமாம்?" நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். நம்ம சட்டசபையிலயே 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி வுடற மசோதாவை நிறைவேத்தினாங்க. எதிர்ப்பு கெளம்பினதுல மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சாரு. சர்க்காரே பின்வாங்கினது உன்ற டீம் லீடருக்குத் தெரிஞ்சிருக்கோணும்னு இல்லை.

உன்ற தங்கச்சியும் அடுத்த வருசம் வேலைக்குப் போறவதான், அவளுக்கும் சேத்துச் சொல்றேன். அவ போற எடத்துல மொதல்ல பாத்ரூமைப் பாக்கச் சொல்லு. தாப்பா விழுதா, தண்ணி வருதா, குப்பைக்கூடைக்கு மூடி இருக்குதா. வரவேற்பறையில எவ்வளவு பூ வெச்சிருந்தாலும் கம்பெனி மனசு தாப்பாவுலதான் தெரியும். பொம்பளைப் புள்ளைகளுக்குத் தொந்தரவு நடந்தா விசாரிக்க 2013 சட்டப்படி 10 பேரு வேலை செய்யற எடத்துலயே குழு இருக்கோணும். பொறுப்புல இருக்கற பெண்தான் தலைவரு, வெளியாள் ஒருத்தரும் உள்ள இருக்கோணும். செவுத்துல பேரு எழுதி ஒட்டியிருப்பாங்க. அதுல இருக்கற கம்பெனி ஆளுகள்ல எத்தனை பேரு இன்னும் அங்க வேலை செய்யறாங்கன்னு சும்மா விசாரிக்கச் சொல்லு. துணிக்கடை, நகைக்கடைப் பக்கம் போனா நாற்காலி இருக்குதான்னு பாக்கோணும். கேரளாவுல 2018லயும் நம்மூர்ல 2021லயும் கடை ஊழியருக்கு உக்கார எடம் குடுக்கோணும்னு சட்டத்தைத் திருத்தினாங்க. நாற்காலி இருக்கும். அதுல துணி மூட்டை உக்காந்திருக்கும்.

இதுல எனக்கு எகத்தாளம் வராத எடம் ஒண்ணு உண்டு. நம்ம பக்கம் நூல் மில்லுகளுக்குச் சுமங்கலித் திட்டம்னு பேரு வெச்சு வயசுப் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்து வேலை செஞ்சா கடைசியில முப்பதாயிரம் நாப்பதாயிரம் மொத்தமாத் தருவோம், கல்யாணத்துக்கு ஆச்சுன்னு நோட்டீஸ் அடிச்சாங்க. கூட்டிட்டுப் போனவனும் தரகன்தான், தலைக்கு இவ்வளவுன்னு வாங்கினான். மூணு வருசம் முடிய மாசக்கணக்கு இருக்கறப்பவே ஏதாச்சும் சொல்லி அனுப்பினா, மொத்தத் தொகைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. வேலையப் பாக்கறதுக்கு முன்னால அந்த ஹாஸ்டல் கேட்டை எந்த அப்பனும் போய்ப் பாக்கல. பாக்கப் பஸ்சுக்குக் காசு கெடையாது. உனக்கு டீ குடிச்சுட்டு வேவு பாக்கக் காசிருக்குது. அதான் சொல்றேன்.

தரகன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உனக்கு இந்த வேலையைக் காட்டிவுட்ட கன்சல்டன்சிக்காரன் "இன்னைக்கே சொல்லுங்க, நாளைக்கு எடம் போயிரும்"னு அவசரப்படுத்தறானல்ல? அவனுக்குக் கூலி கம்பெனி குடுக்குது, நீ சேந்தாத்தான் குடுக்குது. "அங்க பாருங்க, அந்தப் பச்சைத் துண்டு போட்டவரு இதே காளையக் கேட்டுட்டு நிக்கறாரு"ன்னு நான் எத்தனை பேரை அவசரப்படுத்தியிருப்பேன்! பச்சைத் துண்டுக்காரர் என்ற மச்சான். இதுல உங்கிட்டயே முன்பணம் கேக்கறவன் இருந்தான்னா அவன் தரகனே இல்லை, திருடன். வெளிநாட்டு வேலை, டூரிஸ்ட் விசா, அங்க போய் மாத்திக்கலாம்னா இன்னும் மோசம். தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போன நம்ம பசங்களை மியான்மர் மியாவாடியில அடைச்சு வெச்சு, 2022ல மீட்டுக் கொண்டாந்தாங்க.

என்ன அப்புனு, மொகம் சுண்டிப்போச்சு? இத்தனையும் பாத்தா எந்தக் கம்பெனியும் தேறாதேங்கறயா? சுழியில்லாத மாடு ஏது? நான் சுழி மாட்டையும் வாங்கியிருக்கறேன், கொஞ்சம் நொண்டற மாட்டையும் வாங்கியிருக்கறேன். தெரிஞ்சு வாங்கினேன், அதனால வெலையில கழிச்சேன். நீயும் அப்படிப் பண்ணு. ராத்திரி நேரமாகும்னா கேப் கேளு. வேரியபிளை நிலைச் சம்பளத்துல சேக்கச் சொல்லு. முழுசா முடியாதும்பாங்க, பாதிக்கு வருவாங்க. 90 நாளை 60ஆக் கேளு. பாண்டு வேணும்னா தொகை மாசாமாசம் கொறையற மாதிரி எழுதச் சொல்லு. இதெல்லாம் நீ ஒத்துக்கறதுக்கு முன்னாலதான் பேச முடியும். அவங்களும் பத்துப் பேரை வடிகட்டி உன்னைப் புடிச்சிருக்கறாங்க. ரண்டு கேள்வி கேட்டதுக்காக மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. ரண்டு கேள்விக்கே லெட்டரைத் திருப்பி வாங்கிட்டாங்கன்னா, சனிக்கெழமை லீவு கேட்டா என்ன பண்ணுவாங்கன்னு பாத்துக்க.

போன் அடிக்குது பாரு. அந்த எச்ஆர் புள்ளையாத்தான் இருக்கும், எடு. சிரிச்சுப் பேசு, ஆனா ஒத்துக்காத. ரண்டு நாள் டயம் கேளு. ஏன்னு கேட்டா, எங்கப்பாரு நாளைக்குக் கருங்கல்பாளையம் சந்தைக்குப் போறாரு, வந்ததும் கேட்டுச் சொல்றேனுங்கன்னு சொல்லு. பொய்யில்லை, நாளைக்கு வியாழக்கெழமைதான். அந்த ஸ்வீட் டப்பாவை இங்க வெச்சுட்டுப் போ. சக்கரைக்காரன் ஸ்வீட்டுத் திங்கறான்னு உங்கப்பத்தாகிட்டப் போட்டுக் குடுத்துராத.